புளிமாவு பட்லர் சுட்ட ரொட்டி

சேர்வராயன் மலையில் நான் பார்த்தவர்களிலேயே மிகவும் ஆபத்தான மனிதர் ஒரு சமையல்காரர்தான். சிறுத்தையின் கால் தடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "நேத்து வந்துட்டுப் போயிருக்குதாட்ட இருக்குது" என்று சாவகாசமாகச் சொல்லிக்கொண்டு வேலைக்குப் போகிற ஆட்கள், இவருடைய தலைப்பாகை தூரத்தில் தெரிந்தால் போதும், காப்பிச் செடிக்குள் குனிந்துகொள்வார்கள். அவர் யாரையும் அடித்ததில்லை. வைததும் இல்லை. கையில் ஒரு மூங்கில் தட்டு இருக்கும், தட்டில் ரொட்டி இருக்கும். அதை அவர் கண் முன்னால் தின்ன வேண்டும். அவ்வளவுதான்.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கு ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். மலை முழுக்க அவர் புளிமாவு பட்லர்.

அது வெள்ளைக்காரர் காலம். நாகலூரைத் தாண்டி ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டராக நான் சேர்ந்திருந்தேன். எங்கள் துரைக்குக் கல்யாணம் இல்லை, சீட்டாட்டம் இல்லை, குடி அறவே இல்லை. குடி இல்லாததுதான் இந்தக் கதைக்கெல்லாம் மூலகாரணம். அந்த நாளில் பிரெட் உப்ப வேண்டுமானால் மாவில் கள்ளை ஊற்றிப் பிசைவார்கள். சேலத்து பேக்கரியிலும் அப்படித்தான், மலைமேல் இருந்த பங்களாக் குசினிகளிலும் அப்படித்தான். எங்கள் துரையோ கள் வாசம் பட்ட பிரெட்டைக் கையால் தொடமாட்டார்.

எனவே பட்லர் வேறு வழி கண்டுபிடித்திருந்தார். வெறும் கோதுமை மாவையும் தண்ணீரையும் ஒரு பீங்கான் ஜாடியில் கலந்து, அது தானாகவே புளித்துப் பொங்கும்வரை காத்திருந்து, அந்தப் புளிமாவில் ஒரு கை எடுத்துப் போட்டுத்தான் துரைக்கு பிரெட் செய்வார். கள் இல்லாமலே பஞ்சு மாதிரி உப்பும். துரைக்குப் பரம திருப்தி.

சிக்கல் என்னவென்றால், அந்தப் புளிமாவுக்கு தினமும் தீனி போட வேண்டும். புது மாவும் தண்ணீரும் சேர்த்துக்கொண்டே இருந்தால்தான் அது உயிரோடு இருக்கும். சேர்த்துக்கொண்டே போனால் ஜாடி நிறைந்து வழியும். அதனால் தினமும் பாதியை எடுத்துவிட வேண்டும். துரை ஒற்றை ஆள். கொறிக்கிற அளவுக்குத்தான் பிரெட் சாப்பிடுவார். மிஞ்சுகிற மாவை வேறு யாராக இருந்தாலும் வாழை மரத்தடியில் கொட்டிவிட்டுப் போயிருப்பார்கள். பட்லர் கொட்டமாட்டார். அதில் உப்பு, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை போட்டுப் பிசைந்து, தட்டையாகத் தட்டி, கல்லில் போட்டு ரொட்டியாகச் சுட்டுவிடுவார். சுட்ட ரொட்டிக்கு வாய் வேண்டுமே. எஸ்டேட்டில் இருந்த வாய்களெல்லாம் அதற்குத்தான் என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

நான் சேர்ந்த மறுநாள் காலையிலேயே என் கதவு தட்டப்பட்டது. திறந்தால், மூடுபனிக்குள்ளிருந்து முதலில் ஒரு தலைப்பாகையும் அப்புறம் ஒரு மீசையும் கடைசியில் ஒரு தட்டும் வந்தன.

"ஏனுங்க, புது ரைட்டருங்களா?"

"ஆமாங்க."

"புளிப்பு ஆகுமுங்களா?"

எதற்குக் கேட்கிறார் என்று தெரியாமல், "ஆகுமுங்க" என்று சொல்லித் தொலைத்தேன். அந்த ஒரு வார்த்தையில் என் தலையெழுத்து முடிவாகிவிட்டது.

உண்மையை மறைக்கக் கூடாது. அந்த முதல் ரொட்டி பிரமாதம். கல்லிலிருந்து எடுத்த சூடு ஆறவில்லை. மேலே அங்கங்கே கொப்புளம் கொப்புளமாகக் கருகி, உள்ளே மெத்தென்று, புளிப்பும் காரமுமாக நாக்கைப் பிடித்து இழுத்தது. "நொம்ப நல்லா இருக்குதுங்க" என்றேன். அதுவும் தப்பாகப் போயிற்று. மறுநாள் இரண்டு கொண்டுவந்தார்.

ஆனால் சூடாக இருக்கும்போது அது ஒரு பண்டம், ஆறிப்போனால் முற்றிலும் வேறு பண்டம். பட்லர் காலையில் ரொட்டியைச் சுட்டு வைத்துவிட்டு, துரைக்குக் காலைச் சாப்பாடு பரிமாறி, பாத்திரம் துலக்கி, தலைப்பாகையைத் திருத்திக் கட்டிக்கொண்டு பத்து மணி வாக்கில்தான் தோட்டத்துக்குள் இறங்குவார். மலைக் காற்றில் அதற்குள் ரொட்டி செருப்புத் தோலாகியிருக்கும். ஒருவர் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் இழுத்தால் பிய்யும்.

தப்பிக்க எல்லாரும் எல்லாம் செய்து பார்த்தார்கள். கங்காணி மாரப்பன், ஆட்களை அதட்டி வேலை வாங்குகிற வீரர், ஒரு நாள் கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு பல்வலி என்றார். "அதுக்கென்னுங்க, வெந்நீருல ஊறவெச்சுத் தாரேன்" என்று பட்லர் திரும்பி நடந்து, ஊறவைத்தே கொண்டுவந்துவிட்டார். இன்னொருவர் இன்றைக்கு விரதம் என்றார். "கிருத்திகைக்கு அரிசிதானுங்க ஆகாது. கோதுமை பலகாரந்தானுங்களே!" விரதங்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. எந்தெந்த விரதத்துக்கு எதெது ஆகும் என்று, ரொட்டிக்குச் சாதகமாக, மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

காப்பிப் பழம் பறிக்கிற பாவாயி மட்டும் எந்தச் சாக்கும் சொல்லமாட்டாள். சிரித்த முகத்தோடு வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வாள். "உனக்கு மட்டும் எப்படிம்மா பிடிக்கிறது?" என்று கேட்டேன்.

"ஊட்டுல பானைக்கு மூடி ஒடைஞ்சு போச்சுங்க சாமி. இது அளவாப் பொருந்துது. எலி கூடக் கடிக்கறதில்லீங்க" என்றாள்.

பட்லர் அந்தப் புளிமாவை ஒரு நாளும் மாவு என்று சொன்னதில்லை. 'அவுங்க' என்றுதான் சொல்வார். "அவுங்களுக்கு இன்னிக்குக் குளிருது", "அவுங்க இன்னும் பொங்கலீங்க", "அவுங்க கோவமா இருக்காங்க, கிட்ட வராதீங்க." ஏற்காட்டுக் குளிர் தாங்காது என்று ஜாடிக்கு ஒரு கம்பளி போர்த்தி அடுப்போரமாக வைத்திருப்பார். துரை கொடுத்த கம்பளி. பட்லர் போர்த்திக்கொள்ளத்தான் துரை கொடுத்தார்.

ஒரு தடவை அவருடைய தங்கை மகளுக்குச் சேலத்தில் கல்யாணம். அவுங்களை யார் பொறுப்பில் விட்டுப் போவது? என்னைக் கேட்டார். நான் உடனே எனக்கும் சேலத்தில் வேலை இருக்கிறது என்று சொன்னேன். சொன்ன பாவத்துக்கு நானும் அதே பஸ்ஸில் போகவேண்டி வந்தது. பட்லர் ஜாடியைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கண்டக்டர் கம்பளியைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "கொழந்தைங்களா?"

"அப்படித்தான் வெச்சுக்குங்க."

"என்ன வயசுங்க?"

"துரைகிட்ட வேலைக்குச் சேர்ந்த வருசம் உண்டானதுங்க. இப்ப உங்க வயசுல பாதி இருக்குமுங்க."

கண்டக்டர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் முன்பக்கம் போய்விட்டார். பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க இறங்கக் காற்றில் சூடு ஏறியது. மலைக் குளிரிலேயே வளர்ந்த மாவுக்குச் சமவெளி வெயில் என்றால் எப்படி இருக்கும்? அடிவாரம் வருவதற்குள் கம்பளி அசைய ஆரம்பித்தது. எங்களுக்கு முன்சீட்டில் ஒரு பெரியம்மா திரும்பி உட்கார்ந்து, "அட, கொழந்தை காலை ஒதைக்குது" என்று கொஞ்சுவதற்காகக் கம்பளியை விலக்கினார். அந்த நேரம் பார்த்து, வாய்க்குக் கட்டியிருந்த துணியைத் தள்ளிக்கொண்டு அவுங்க வெளியே வந்தார்கள்.

அந்த அம்மாள் போட்ட கூச்சலில் டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டு முதல் ஆளாகக் கீழே குதித்தார். பட்லர் மட்டும் பதறவில்லை. வழிந்ததை எல்லாம் கையால் வழித்துத் தலைப்பாகைத் துணியில் சேர்த்தார். கல்யாண வீட்டுக்குப் போனதும் அதையும் ரொட்டியாகச் சுட்டு, மாப்பிள்ளை வீட்டாருக்கு முதல் பந்தியிலேயே போட்டார் என்று கேள்வி. கல்யாணம் நிற்கவில்லை. நல்ல சம்பந்தம்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. மாகாணத்திலேயே முதலில் எங்கள் ஜில்லாவில்தான். குடும்பப் பெண்கள் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். மலைமேல் இருந்த பங்களாக் குசினிகளில் மட்டும் துக்கம். கள் கிடையாது. பிரெட் உப்பவில்லை. பக்கத்து எஸ்டேட் துரை ஒருவர் காலையில் தன் பிரெட்டை ஜன்னல் வழியாக எறிந்ததில் ஒரு கோழி செத்துப்போனதாகச் சொன்னார்கள். கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். கோழிக்குக் கால் ஒடிந்தது நிச்சயம்.

ஒரே வாரத்தில் எங்கள் பட்லரின் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. மலையிலுள்ள குசினிக்காரர்கள் எல்லாரும் பாத்திரத்தோடு வந்து பின்வாசலில் நின்றார்கள். அத்தனை நாள் அவரைக் கேலி பேசியவர்கள்தான். பட்லர் ஒவ்வொருவரையும் நேர்காணல் செய்தார்.

"கையைக் காட்டுங்க. சூடான கையா, குளிர்ந்த கையா? கோவம் வருமா? பொண்டாட்டிகிட்டச் சண்டை போடுவீங்களா? அவுங்களுக்குச் சத்தம் ஆகாதுங்க."

தேறியவர்களுக்கு ஒரு கரண்டிப் புளிமாவு கொடுத்து, குளிர் படாமல் துணி போர்த்திக் கொண்டுபோகச் சொன்னார். கூடவே ஆளுக்கு இரண்டு ரொட்டியும்.

இதை எல்லாம் மதுவிலக்கு போலீஸ் பார்த்தால் என்ன தோன்றும் என்று எங்களில் யாரும் யோசிக்கவில்லை. செம்மநத்தம் பாதையிலும் ஏற்காடு கடைவீதியிலும், துணி போர்த்திய பாத்திரத்தோடு ஆட்கள் ஓரமாகப் போகிறார்கள். பக்கத்தில் போனால் புளித்த வாசம் அடிக்கிறது. எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டால், எல்லாரும் ஒரே பதில் சொல்கிறார்கள். "பட்லர்கிட்ட இருந்துங்க."

அன்றைக்கு துரை பெங்களூருக்குப் போயிருந்தார். மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் இரண்டு கான்ஸ்டபிள்களோடு காரில் வந்து இறங்கினார். வடக்கே எங்கிருந்தோ புதிதாக மாற்றலாகி வந்தவர். கண்ணியமான மனிதர். பட்லர் பின்வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"இந்த மலை பூரா சப்ளை பண்றது யாரு?"

பட்லர் எழுந்து நின்று மீசையைத் தடவிக்கொண்டார். "நாந்தானுங்க."

"ரொம்ப நாளாவா?"

"பல வருசமாச்சுங்க. முந்தி ஒருத்தரும் சீந்தமாட்டாங்க. மதுவிலக்கு வந்த பொறவுதானுங்க நல்ல கிராக்கி."

கான்ஸ்டபிள்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் ஆபீஸிலிருந்து ஓடி வருவதற்குள் பேச்சு இன்னும் கெட்ட இடத்துக்குப் போய்விட்டது.

"கூட்டாளி யாரு?"

"கூட்டாளியா? நானும் அவுங்களுந்தானுங்க."

"அவங்கன்னா?"

"உள்ள அடுப்போரமாப் படுத்திருக்காங்க. மெதுவாப் பேசுங்க சாமி, இன்னும் சாப்பிடலீங்க, பசியில இருக்காங்க."

இன்ஸ்பெக்டர் கையைக் காட்டினார். ஒரு கான்ஸ்டபிள் பின்பக்க ஜன்னலுக்கு ஓடினார். இன்னொருவர் லத்தியை ஓங்கிக்கொண்டு குசினிக்குள் பாய்ந்து, "எந்திரிடா!" என்று கத்திக் கம்பளியை உருவினார். ஜாடியில் அவுங்க 'பொளக்' என்று ஒரு கொப்புளம் விட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் குனிந்து முகர்ந்து பார்த்தார். பசித்திருக்கும்போது அந்த மாவின் மேலே தண்ணீர் கொஞ்சம் தெளிந்து நிற்கும். அதன் வாசம் சாட்சாத் சாராயக் கடை வாசம்தான். "ஊறல்" என்றார் அவர். சாராயம் காய்ச்சுவதற்காகப் புளிக்கப் போடுகிற சரக்குக்கு அதுதான் பெயர்.

"சார், இது ரொட்டி மாவு. துரைக்கு பிரெட் செய்கிறதற்கு" என்றேன் நான்.

"அப்படியா? சரி, இதுல ஒரு ரொட்டி சுடட்டும். அவரே தின்னு காட்டட்டும். நான் பேசாமப் போயிடறேன்."

இதைவிட நியாயமான பேச்சு உண்டா? எங்களுக்கெல்லாம் மூச்சு வந்தது. அதற்குள் எஸ்டேட் ஆட்கள் பாதிப் பேர் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். பட்லர் அடுப்பைத் தூண்டி, ரொட்டியைத் தட்டிக் கல்லில் போட்டார். வாசம் எழுந்தது. திருப்பிப் போட்டு எடுத்து, தட்டில் வைத்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

"எனக்கில்லைய்யா. நீ தின்னு."

பட்லர் தரையைப் பார்த்தார்.

"தின்னுய்யா."

"எனக்கு ஆகாதுங்க."

"என்னது?"

"புளிப்பு எனக்கு ஆகாதுங்க. தின்னா வயிறு ஊதிக்குமுங்க. நான் ஒரு நாளும் தின்னதில்லீங்க."

வருஷக்கணக்காகத் துரத்தித் துரத்தி எங்களைத் தின்னவைத்த மனிதர்! பல்வலிக்காரனையும் விரதக்காரனையும் விடாதவர்! பாவாயிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அடப் பாவி மனுசா!"

இன்ஸ்பெக்டருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? காய்ச்சுகிறவனே தொடமாட்டேன் என்கிறான். ஜாடியைத் தூக்கச் சொன்னார். அப்போதுதான் கங்காணி மாரப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு தீர்மானத்தை நான் பார்த்ததில்லை.

"நான் திங்கறேனுங்க. தின்னுபோட்டு நடந்து காட்டறேன். போதை இருந்தாத் தெரிஞ்சிருமில்லீங்களா?"

ரொட்டியை வாங்கி, ஒரு வாய் விடாமல் தின்று முடித்தார். சூடாகத் தின்றது அவருக்கு அதுதான் முதல் தடவை போலிருக்கிறது, நடுவில் ஒரு நொடி ஆச்சரியப்பட்டுப் பட்லரைப் பார்த்தார். பிறகு மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்து காட்டினார். நல்ல எண்ணம்தான். ஆனால் மாரப்பனுக்கு முன்பொரு தடவை மரம் விழுந்து இடது கால் கொஞ்சம் கோணல். நேரான தரையிலேயே சாய்ந்து சாய்ந்துதான் நடப்பார்.

"பார், பார், எப்படி ஆடறான்!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அது காலுங்க!"

"ஒரு ரொட்டிக்கே இந்த ஆட்டம்!"

அவரைக் குறை சொல்ல முடியாது. மாதிரிக்குக் கொஞ்சம் மாவைச் சீசாவில் எடுத்துச் சேலத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்க வேண்டும், முடிவு வரும்வரை ஜாடி ஏற்காடு ஸ்டேஷனில் இருக்கும் என்று சொன்னார். "உன்னை இப்ப கைது பண்ணலை. முடிவு வரட்டும்" என்றார் பட்லரிடம்.

"நானும் வாரேனுங்க."

"கைது இல்லைன்னு சொல்றேனேய்யா."

"பரவால்லீங்க, நானா வாரேன். அவுங்களுக்கு தினமும் மாவு போடணுங்க. போடாட்டிச் செத்துப்போயிருவாங்க. போலீசுக்காரங்க கையிக்குச் சூடு பத்தாதுங்க."

உள்ளே போனார். ஒரு சிப்பம் கோதுமை மாவு, ரொட்டிக்கல், வெங்காயக் கூடை, கம்பளி எல்லாவற்றையும் கொண்டுவந்து காரில் ஏற்றினார். கடைசியில் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். கார் கிளம்பும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். விறைப்பாகத்தான் இருந்தார். ஆனால் ஜாடியை மார்போடு இறுக்கி அணைத்துக்கொண்டிருந்தார். ஜெயில் என்றால் அவருக்கும் பயம்தான்.

ஸ்டேஷனில் நடந்ததைப் பின்னால் கான்ஸ்டபிள் ஒருவர் எனக்குச் சொன்னார். முதல் நாள் இன்ஸ்பெக்டர் கறாராக உத்தரவு போட்டாராம். சாட்சிப் பொருளிலிருந்து ஒரு துளியும் எடுக்கக் கூடாது.

"சரிங்க. கூட்டலாமுங்களா?" என்று கேட்டிருக்கிறார் பட்லர்.

சட்டத்தில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பட்லர் புது மாவும் தண்ணீரும் சேர்த்தார், எதையும் எடுக்கவில்லை. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் சாட்சிப் பொருள் மேஜைமேல் ஏறி, மைக்கூட்டை முழுங்கிவிட்டு, நாற்காலிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் உத்தரவை மாற்றினார். மிஞ்சுவதை எடுத்துக்கொள்ளலாம்.

எடுத்தால் ஸ்டேஷனுக்குப் பின்னால் கல்லைப் போட்டு ரொட்டி சுட வேண்டியதுதானே! சுடச்சுட ரொட்டி. குளிரில் கடைவீதியைச் சுற்றிவிட்டு வருகிற போலீஸ்காரர்களுக்கு அது தேவாமிர்தமாக இருந்தது. "பட்லரண்ணா, இங்கேயே இருந்துக்குங்க" என்றார்களாம். அவர் அந்த வார்த்தையை அப்படியே நம்பிவிட்டார். காலை ரொட்டி, மத்தியானம் ரொட்டி. ரோந்து போகிற இடத்துக்கெல்லாம் ரொட்டி. ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்த ஒரு கான்ஸ்டபிள், தட்டோடு தலைப்பாகை வருவதைக் கண்டு படகுக்குள் படுத்துக்கொண்டாராம். பட்லர் கரையிலேயே உட்கார்ந்து காத்திருந்திருக்கிறார்.

ஒரு வாரம் ஆவதற்குள் அந்தக் கான்ஸ்டபிளே எஸ்டேட்டுக்கு வந்து என் ஆபீஸ் வாசலில் நின்றார். "ரைட்டருங்க, புண்ணியமாப் போகுமுங்க. வந்து கூட்டிட்டுப் போயிருங்க."

நான் போனபோது இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். என் குரல் என்று உறுதி செய்துகொண்டுதான் திறந்தார். "முடிவு வந்துடுச்சு. சாராயம் இல்லைன்னு எழுதியிருக்காங்க. வராட்டியும் நான் இன்னிக்கு அனுப்பியிருப்பேன்" என்றார். பட்லர் பின்பக்கம் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் அவரிடம் போய், கோபமில்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டார்.

"ஏன்யா, மிஞ்சற மாவைக் கீழே கொட்டிட்டா என்ன? உனக்கும் நிம்மதி, ஊருக்கும் நிம்மதி."

பட்லர் கல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எங்கப்பன் பஞ்சத்துல, கீழ ஒண்ணுமில்லாம, இந்த மலை ஏறி வந்தவருங்க. வழியில எங்கண்ணன் ஒருத்தன், சின்னது, பசி தாங்காமப் போயிட்டானாமா. நான் அதுக்குப் பொறவு பொறந்தவன். எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஆனா மாவைக் கீழ சாய்க்கலாம்னு ஜாடியைத் தூக்கினா, கை வர மாட்டேங்குதுங்க. யாராச்சும் தின்னுட்டாத் தேவலாம்னு இருக்குது."

இன்ஸ்பெக்டர் தட்டில் கிடந்த ரொட்டியை எடுத்து, நின்றபடியே, மெல்ல முழுவதும் தின்றார். பிறகு ஜாடியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து பஸ்ஸில் வைத்தார்.

நாகலூர் வரும்வரை பட்லர் ஜாடியைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். இறங்கி எஸ்டேட் பாதையில் நடக்கும்போதுதான் கேட்டார்.

"ஏனுங்க ரைட்டரே, நான் இல்லாதப்ப யாராச்சும் கேட்டாங்களா?"

கேட்டார்கள். அவர் போன அன்றைக்குத் தோட்டத்தில் ஒரே சிரிப்பும் பாட்டும்தான். மறுநாளும் அப்படியே. அதற்கப்புறம், பத்து மணி ஆனால் பறிக்கிற கைகள் தன்னால் நின்று, எல்லாத் தலைகளும் பங்களாப் பாதைப் பக்கம் திரும்ப ஆரம்பித்தன. யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் மறுபடி குனிந்துகொண்டார்கள். மாரப்பன் இரண்டு தடவை ஆபீஸுக்கு வந்து, வேறு ஏதோ பேசிவிட்டு, போகும்போது போகிறபோக்கில் கேட்பதுபோல், "பட்லரு எப்ப வாராருங்க?" என்றார்.

"கேட்டாங்க. மாரப்பன் கேட்டார். பாவாயி தினமும் கேட்டாள்" என்றேன்.

"அவளுக்குப் பானைக்கு மூடி வேணுமாயிருக்கும்" என்றார் பட்லர்.

நான் நின்றுவிட்டேன். அவர் நிற்காமல் நடந்துகொண்டிருந்தார். எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. பல்வலி, விரதம், செடிக்குள் குனிந்த முதுகுகள், எல்லாமே.

நாங்கள் வந்த செய்தி எங்களுக்கு முன்னால் போய்விட்டது. குசினிக் கதவைத் திறந்து அவர் அடுப்பு மூட்டுவதற்குள், மாரப்பன், பாவாயி, இன்னும் பத்துப் பதினைந்து பேர் பின்வாசலில் வந்து நின்றார்கள். ஏன் வந்தோம் என்று யாரும் சொல்லவில்லை. பட்லரும் கேட்கவில்லை. ஜாடியை அடுப்போரத்தில் வைத்துக் கம்பளியைப் போர்த்தினார். ஸ்டேஷனிலிருந்து கொண்டுவந்த மிச்ச மாவைப் பிசைந்து தட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு ரொட்டியும் கல்லை விட்டு இறங்கியதும் நேராக ஒரு கைக்குப் போனது. "அட, சூடா இருந்தா இப்படியாங்க இருக்கும்?" என்றாள் பாவாயி. "இத்தன நாளா ஏனுங்க ஆறவெச்சுக் கொண்டாந்தீங்க?"

"நீங்கதான ஓடறீங்க, புடிக்கறதுக்குள்ள ஆறிப்போகுது" என்றார் அவர்.

எல்லாரும் தின்றுவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள். நான் என் பங்கைத் தின்று முடித்தேன். கல்லில் கடைசி ரொட்டி ஒன்று வெந்துகொண்டிருந்தது.

"பட்லரண்ணா, அதையும் எனக்கே போடுங்க" என்றேன்.

அவர் கரண்டியை வைத்துவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"ஒடம்புக்கு ஏதும் செரியில்லீங்களா, கண்ணு?"

உடம்புக்கு ஒன்றுமில்லை. பசியும் இல்லை. அவர் ரொட்டி சுடுவதைப் பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்போல் இருந்தது.